வகுப்பறையில் குரல் பிரித்து வாசித்தல்

திருவண்ணாமலைக்கு வடபுறம், வேலூருக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் வேங்கிக்கால். வட ஆற்காடு ஜில்லா 1989-ம் வருஷத்தில் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி ஜில்லாவான பின்னர், கலெக்டர் காரியாலயம் இவ்வூரில் அமைந்தது. திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர் கூட்டத்திற்குப் பல தாலூக்காக்களிலிருந்தும் ஜனங்கள் மனுவும் கையுமாக இங்கு வருகின்றனர். மனுவில் எழுதியிருப்பது இன்னதெனத் தாமே வாசித்தறிய வல்லவர் சிலர். பிறர் வாசித்துச் சொல்வதை நம்பியே கையொப்பமோ கைரேகையோ இடவேண்டியவர் சிலர். இவ்வேற்றுமை முப்பது நாற்பது வயதில் தோன்றுவதன்று. ஆரம்பப் பாடசாலையின் மூன்றாம் நான்காம் வகுப்புகளிலேயே வேரூன்றுவது.

எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லத் தெரிந்தும், வாக்கியத்தை முடித்தபின் அதன் பொருளைச் சொல்ல இயலாத சிறுவர் சிறுமியர் பல பாடசாலைகளிலும் உண்டு. கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பாடசாலைகளில், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டன. எழுத்தறியும் பருவத்தை வகுப்பறைக்கு வெளியே கழித்த குழந்தைகளின் குறையை ஈடுசெய்யும்பொருட்டு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்னும் இயக்கமும் சர்க்காரால் தொடங்கப்பட்டன. பின்னதில் பாட்டு, கதை, பொம்மலாட்டம், நடிப்பு ஆகியவை கற்பிக்கும் கருவிகளாக ஏற்கப்பட்டன. அத்தகைய கருவிகளுள் செலவு மிகக் குறைந்ததும் வாசிப்புக்கு மிக அணுக்கமானதுமான ஒன்றை உபாத்தியாயர்கள் எவ்வாறு கையாளலாம் என்பது கீழே விளக்கப்படுகிறது.

முறையின் தன்மை

ஒரு கதையையோ உரையாடலையோ பல குரல்களுக்குப் பகிர்ந்து எழுதவேண்டும். மாணாக்கர் ஐவர் அறுவர் வகுப்பின் முன் நின்று, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே, தத்தம் பகுதியைப் பொருள் விளங்க உரக்க வாசிக்கவேண்டும். இவ்வளவே இம்முறை. இதில் வேஷம் இல்லை, திரை இல்லை, மனப்பாடமும் இல்லை. கேட்போர் மனத்தில் எழவேண்டிய காட்சி முழுவதும் குரலாலேயே எழவேண்டும். மேனாடுகளில் இதனை ரீடர்ஸ் தியேட்டர் என வழங்குவர். தமிழில் வாசிப்பு நாடகம் எனலாம்.

ஆண்டு விழாக்களில் நடத்தும் நாடகத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை முதலிலேயே அறிந்துகொள்ளுதல் நன்று. விழா நாடகத்தில் வசனத்தை நெட்டுருச் செய்யவேண்டும். காதால் கேட்டே நெட்டுருச் செய்துவிடும் குழந்தை, ஓர் எழுத்தையும் பாராமல் கைதட்டுப் பெற்றுவிடலாம். வாசிப்பு நாடகத்திலோ கண் எழுத்தை விட்டு அகலலாகாது. ஆதலின் முன்னது பேச்சுக்கும் துணிவுக்கும் பயிற்சி. பின்னது வாசிப்புக்கே பயிற்சி.

கூட்டு ஓசையில் மறையும் குழந்தை

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, ஏனையோர் ஒருங்கே திரும்பச் சொல்வர். மணலில் விரலால் எழுதிப் பழகுவர். 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வகுத்தார். அவ்வநுபவத்தை அவர் 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டபின், அது சென்னை முறை என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பரவிற்று.

கூட்டாகச் சொல்லும் வழக்கத்திற்கு நன்மை உண்டு. கூச்சமுள்ள குழந்தை பிறர் குரலோடு தன் குரலையும் சேர்த்துத் துணிவு பெறும்; உச்சரிப்பு திருந்தும்; செய்யுளின் ஓசை நெஞ்சில் பதியும். ஆயினும் அதில் ஒரு பெருங்குறையும் உண்டு. முப்பது பேர் ஒருங்கே வாசிக்கையில், வாசிக்கத் தெரியாதவன் உதட்டை அசைத்தால் போதும், ஓசை குறையாது. உபாத்தியாயர் கேட்பது நன்றாக வாசிக்கும் பத்துப் பேரின் குரலையே. மற்றவர் குறை வருஷப் பரீட்சை வரையில் வெளிப்படுவதில்லை. வெளிப்படும்போது குழந்தை அடுத்த வகுப்பின் வாயிலில் நிற்கிறது.

வாசிப்பு நாடகம் இக்குறையைத் தீர்க்கவல்லது. அதில் ஒவ்வொருவருக்கும் தாம் மட்டுமே சொல்லவேண்டிய ஒரு வரி உண்டு. அவ்வரி வரும்போது மற்றவர் மௌனமாயிருப்பர். அவர் வாசிக்காவிடில் கதை நகராது. இதனால் யாருக்கு எந்த எழுத்தில் தடை என்பது முதல் நாளிலேயே உபாத்தியாயருக்குத் தெரிந்துவிடும். தடையுள்ள குழந்தைக்கும், மீண்டும் மீண்டும் வாசித்துப் பழகுவதற்குத் தக்க காரணம் ஒன்று கிடைத்துவிடும்.

இப்பக்கத்து முன்மாதிரிகள்

இம்முறையின் பெயர் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. திருவெம்பாவையை மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் இருந்தபோது அருளினார் என்பது மரபு. மார்கழி விடியலில் ஓதப்படும் அவ்விருபது பாட்டுக்களில், முற்பகுதி முழுவதும் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பும் உரையாடலே. நான்காம் பாட்டில், இன்னும் பொழுது விடியவில்லையோ என வெளியில் நிற்போர் கேட்கின்றனர். எல்லாரும் வந்துவிட்டனரோ என உள்ளிருப்பவள் திருப்பிக் கேட்கிறாள். எண்ணிச் சொல்கிறோம் என்று தொடங்கும் தோழியர், இறுதியில் நீயே வந்து எண்ணிக்கொள், ஆள் குறைந்தால் போய்த் துயில் என்கின்றனர். பாட்டில் பேசுவோர் பெயர் எங்கும் குறிக்கப்படவில்லை. எந்த அடி உள்ளிருந்து வருகிறது, எந்த அடி வெளியிலிருந்து வருகிறது என்பதை வாசிப்பவரே பொருளறிந்து பிரிக்கவேண்டும். அவ்வாறு பிரிக்கத் தெரிந்த மாணாக்கன் அப்பாட்டின் பொருளைப் பெரும்பாலும் அறிந்தவனாகிறான். குரல் பிரித்தல் பொருளுணர்ச்சிக்கு வழியாகும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

இப்பிரதேசத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவும் இங்கு நினைக்கத்தக்கது. பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தின் செய்யுளை ஒருவர் பாட, பிரசங்கியார் அதன் பொருளை விரித்துரைப்பார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக நடைபெறும். கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து கதையையும் வருவோரையும் அறிவிப்பான். நடிகர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். கூத்துக்குப் பேர்போன புரிசை இந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. ஆகவே கதை சொல்பவன், பாத்திரங்கள், பின்பாட்டுக் குழு என்னும் மூவகைக் குரலை இப்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புதிதாக விளக்கவேண்டியதில்லை. வாசிப்பு நாடகத்தின் பிரதிக்கு வேண்டியனவும் இம்மூன்றே.

பயன் உண்டாகும் விதம்

வாசிப்பில் வேகமும் தெளிவும் வருவதற்கு, ஒரே பகுதியைப் பலமுறை வாசித்தல் துணைசெய்யும். அமெரிக்கக் கல்வியறிஞர் ஜே சாமுவேல்ஸ் 1979-ல் எழுதிய கட்டுரையில், சிறிய பகுதியொன்றைத் தக்க வேகம் வரும் வரையில் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்யும் முறையை விளக்கினார். எழுத்தைக் கூட்டுவதிலேயே கருத்து முழுவதும் செலவழிந்தால் பொருளுக்கு எஞ்சுவது இல்லை. எழுத்து எளிதில் கைவந்தபின்னரே மனம் பொருளில் செல்லும் என்பது அதன் அடிப்படை. ஆயினும் காரணமின்றி ஒரே பக்கத்தைப் பத்துமுறை வாசி என்றால் எக்குழந்தையும் சலிப்படையும். வெள்ளிக்கிழமை பிறர் முன் வாசிக்கவேண்டும் என்னும் காரணம் இருந்தால் இருபது முறையும் சலிப்பின்றி வாசிக்கும். 1998-99-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து வாரம் இவ்வாறு பயின்றதில், நிமிஷத்திற்கு வாசிக்கும் சொற்கள் சராசரி 17 கூடின. இப்பயிற்சி இல்லாத வகுப்புகளில் ஏறத்தாழ 7 சொற்களே கூடின.

தமிழுக்கே உரிய சில காரணங்களாலும் இம்முறை ஏற்றது. கடல், தங்கம், பகல் என்னும் மூன்று சொற்களிலும் எழுத்து ககரமே. ஒலியோ மூன்றிடத்தும் வேறு. இதனைக் காது கேட்டும் வாய் பழகியுமே பெறவேண்டும். வீட்டில் வந்தாங்க எனக் கேட்கும் குழந்தை, புத்தகத்தில் வந்தார்கள் எனக் காண்கிறது. பாத்திரங்களின் பேச்சு வழக்கை ஒட்டியும், கதை சொல்பவனின் நடை செந்தமிழாகவும் அமைந்த பிரதி, இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக உதவும். மேலும் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் இறுதியில் வருவதால், முடிவை முன்னரே கண்ணால் கண்டால்தான் தொடக்கத்தைத் தக்க குரலில் சொல்ல இயலும். நீ வந்தாயா, நீயா வந்தாய், நீதான் வந்தாய் என்னும் மூன்றையும் வேறுபடுத்தி வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு ஆகாரம், தான் முதலிய சிறு சொற்களின் ஆற்றலைத் தனியே போதிக்கவேண்டுவதில்லை.

பிரதி தயாரித்தல்

பாடப்புத்தகத்திலுள்ள கதைகள், பஞ்சதந்திரக் கதைகள், பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற எனப் படிகளாகப் பிரித்து வெளியிடப்பட்ட சிறு புத்தகங்கள் ஆகியவற்றிலிருந்து கதையைத் தெரிந்தெடுக்கலாம். ஊர்ச் செய்தியையே பிரதியாக எழுதுதல் இன்னும் நன்று. ஒரு பக்கத்திற்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். மாதிரிக்கு ஒன்று வருமாறு:

கட்டியங்காரன்: ஐப்பசி பிறந்தது. மூன்று நாளாக மழை. ஆயினும் ஏரியில் முழங்கால் அளவே நீர்.

ஏரி: மழை பெய்வது எனக்குத் தெரிகிறது. அது என்னிடம் வந்து சேரவில்லையே!

கால்வாய்: என்மேல் குப்பையைக் கொட்டினார்கள். நான் எப்படி ஓடுவேன்?

உழவர்: அப்படியானால் இந்த வருஷம் நாற்று விடலாமா? வேண்டாமா?

மதகு: என்னைத் திறக்கவும் ஆளில்லை. ஏரி கோடி போய்ப் பல வருஷம் ஆயிற்று.

பின்பாட்டு: மண்வெட்டி எங்கே? கூடை எங்கே?

சிறுமி: இரண்டும் இதோ! நீங்கள் எல்லாரும் வந்துவிட்டீர்களா?

இவ்வேழு வரிகளிலும் அளவு ஒன்றாக இல்லை என்பதை நோக்குக. கட்டியங்காரன் பகுதி நன்றாக வாசிப்பவருக்கு உரியது. பின்பாட்டு, எழுத்துக் கூட்டத் தொடங்கும் இருவர் மூவருக்கு ஏற்றது. சிறுமியின் வரி சிறிதாயினும் கதை அதிலேதான் முடிகிறது. ஆகவே தடுமாறி வாசிக்கும் குழந்தைக்கு அதனைக் கொடுத்தால், அக்குழந்தை சிறிய இடத்தில் பெரிய பொறுப்பைப் பெறும். கால்வாய் கோபத்தோடு பேசுகிறதா, வருத்தத்தோடு பேசுகிறதா என்பதை உபாத்தியாயர் சொல்லாமல் மாணாக்கரையே ஆராயவிடவேண்டும். அதற்கு விடை காண அவர்கள் பிரதி முழுவதையும் மீண்டும் ஒருமுறை வாசித்தே ஆகவேண்டும்.

இரண்டு உபாத்தியாயர் ஐந்து வகுப்புகளை நடத்தும் கிராமப் பாடசாலைக்கு இம்முறை மிகவும் பொருந்தும். ஐந்தாம் வகுப்பினர் நீண்ட பகுதிகளையும், முதல் வகுப்பினர் பின்பாட்டையும் ஏற்று ஒரே பிரதியில் சேரலாம். பிரதிகளை மேல் வகுப்பு மாணாக்கரே பெரிய எழுத்தில் கையால் எழுதலாம். பழைய நாட்காட்டி அட்டையில் ஒட்டினால் தாள் மடங்காது.

ஐந்து நாள் ஒழுங்கு

தினம் இருபது நிமிஷம் போதும். திங்கட்கிழமை உபாத்தியாயர் தாமே எல்லாக் குரலையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டி, அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை இருவர் இருவராக அமர்ந்து முழுப் பிரதியையும் வாசிப்பர். இன்னும் பாத்திரம் பகிரப்படலாகாது. முன்னரே பகிர்ந்தால் தம் வரியை மட்டும் வாசித்து ஏனையவற்றை விட்டுவிடுவர். புதன்கிழமை பாத்திரங்களைப் பகிர்ந்து, அவரவர் வரியின்கீழ் வண்ணப் பென்சிலால் கோடிடச் செய்யவேண்டும். எங்கே நிறுத்துவது, எச்சொல்லை அழுத்துவது என்பவற்றையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை ஒத்திகை. வெள்ளிக்கிழமை அரைவட்டமாக நின்று மற்ற வகுப்பினர் முன் வாசிப்பு.

வெள்ளிக்கிழமை வாசிப்பின் நடுவே உபாத்தியாயர் குறுக்கிட்டுத் திருத்தலாகாது. பிழைகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரப் பிரதியில் அவ்வெழுத்துக்கள் வரும்படி எழுதுவதே நல்ல திருத்தம்.

தவிர்க்கவேண்டியவை

முதலாவது, நன்றாக வாசிக்கும் இருவருக்கே பெரிய பகுதிகளை எப்பொழுதும் கொடுத்தல். கேட்பதற்கு இனிமையாயிருக்கும்; ஆனால் பயிற்சி வேண்டாதவருக்கே பயிற்சி சென்றுவிடும்.

இரண்டாவது, பின்பாட்டுக் குழுவைப் பெரிதாக்குதல். மூவருக்கு மேற்பட்டால், கூட்டு ஓசையில் ஒளிந்துகொள்ளும் பழைய குறை மீண்டும் புகும். ஒருமுறை பின்பாட்டில் நின்றவர் மறுமுறை தனி வரி பெறவேண்டும்.

மூன்றாவது, ஒப்புவிக்கும் ராகம். வரியின் முடிவை நீட்டி ஒரே இசையில் இழுக்கும் வழக்கம் பொருளை விழுங்கிவிடும். இதனை நீ உன் தாயாரிடம் எப்படிச் சொல்வாய் என்று கேட்டால் குழந்தையின் குரல் தானே திருந்தும்.

நான்காவது, மிக முக்கியமானது. அரசன், அமைச்சன், ஏவலன் என்னும் பாத்திரங்களைப் பகிர்கையில் ஊரின் ஏற்றத்தாழ்வு வகுப்பறைக்குள் நுழைந்துவிடக்கூடும். எந்தத் தெருவிலிருந்து வரும் குழந்தை எவ்வேஷத்திற்குத் தகும் என்னும் எண்ணத்திற்கு இங்கு இடமளிக்கலாகாது. சீட்டெடுத்துப் பகிர்வதும், வாரந்தோறும் மாற்றுவதும் எளிய வழிகள். கூத்தில் ஆடவர் பெண்வேஷம் கட்டுவது பழைய வழக்கமாதலால், பெண்பிள்ளை அரசன் வரியை வாசிப்பதில் எவரும் குறைகாண வேண்டுவதில்லை.

ஐந்தாவது, உடை முதலியவற்றிற்குப் பெற்றோரிடம் பணம் கேட்டல். முறையின் சிறப்பே அதன் எளிமையில் இருக்கிறது.

கிராமத்தாரும் வாசிப்பும்

மாதம் ஒருமுறை மாலையில் பெற்றோர் முன்னிலையில் இவ்வாசிப்பை நடத்தலாம். எழுத்தறியாத பெற்றோர் தம் குழந்தையின் மதிப்பெண் அட்டையைக் கொண்டு யாதும் அறியார். ஆனால் தம் மகள் தாளைப் பார்த்துப் பேசுவதைக் கேட்டால், அவள் கற்றது எவ்வளவு என்பதைத் தாமே அறிவர். ஏரிக் கால்வாயைத் துப்புரவாக வைத்தல், கொசு பெருகாமல் தேங்கிய நீரை அகற்றுதல், அம்மை முதலியவற்றிற்குத் தடுப்பூசி, மனு எழுதும் விதம் ஆகியவற்றைப் பிரதியாக்கினால், வாசிப்பவருக்கு எழுத்தும் கேட்பவருக்குச் செய்தியும் ஒருங்கே சேரும். 1990-க்குப் பின்வந்த வருஷங்களில் அறிவொளி இயக்கத்தார் கலைப்பயணக் குழுக்களைக் கொண்டு கிராமந்தோறும் பாட்டாலும் வீதி நாடகத்தாலும் எழுத்தறிவைப் பரப்பியது பலர் நினைவில் இருக்கும். அப்பணியின் ஒரு சிறு பங்கைப் பாடசாலைக் குழந்தைகளே ஏற்கலாம்.

பயனை அளக்கும் வகை

கைதட்டு பயனுக்கு அளவாகாது. திங்கட்கிழமையன்று ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து, ஒரு நிமிஷத்தில் பிரதியின் எத்தனை சொற்களைப் பிழையின்றி வாசிக்கிறது எனக் குறித்துக்கொள்ளவேண்டும். வெள்ளிக்கிழமை மீண்டும் குறிக்கவேண்டும். பழகிய பிரதியில் வேகம் கூடுவது இயல்பே. ஆகையால் மாத முடிவில், முன்பு பாராத புதிய பக்கம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் செய்து, அதிலிருந்து மூன்று கேள்விகளும் கேட்கவேண்டும். அதிலும் முன்னேற்றம் கண்டால் முறை பலித்தது எனக் கொள்ளலாம். காணாவிடில் அக்குழந்தைக்கு எழுத்துப் பயிற்சியே இன்னும் வேண்டியிருக்கிறது; வாசிப்பு நாடகம் அப்பயிற்சிக்குத் துணையாகுமேயன்றி அதற்குப் பதிலாகாது.

ஒரு குறிப்பேடும், சில தாள்களும், உபாத்தியாயரின் சிரத்தையும் இருந்தால் எந்தப் பாடசாலையும் அடுத்த திங்கட்கிழமையே இதனைத் தொடங்கலாம். முதற்பிரதி எழுதுமுன் வகுப்பில் உதட்டை மட்டும் அசைப்பவர் யார் யார் என்று பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு உரிய வரிகளை முதலில் எழுதி, மற்றவர் வரிகளைப் பின்னர் எழுதுதல் தகும்.